பெயர்த் தகடு இருந்த இடம்

ஓர்வல் பெட்ரி அந்தத் துப்பாக்கியை வாங்கியது கால்நடைத் தீவனக் கடையின் வாசலில். விற்றவன் சிவப்புத் தாடிக்காரன், பக்கத்து மாவட்டத்தான் போலிருந்தான். மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைப்பக்கத்தில், விற்கிறவனிடம் ரசீது கேட்பதும் ‘நீ திருடனா’ என்று கேட்பதும் ஒன்றுதான். கை குலுக்கினால் வியாபாரம் முடிந்தது. ஓர்வல் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. முகத்துக்கு நேரே ஒருவனை அவமதிக்கத் தனக்கு வாய் வராது என்று சொல்லிக்கொண்டான். பாதி விலைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் வாய் அடைத்துப் போனது என்று நான் சொல்வேன்.

வீட்டுக் கொட்டகையில் வைத்துத் துடைக்கும்போதுதான் பார்த்தான். தோளில் வைக்கும் மரக்கட்டையில் இரண்டு சிறிய திருகாணி ஓட்டைகள். அவற்றுக்கு நடுவே விரல் நீளத்துக்கு மரம் நிறம் மங்காமல் இருந்தது. அங்கே ஒரு தகடு இருந்திருக்கிறது, யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஓர்வல் மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டைகளை அடைத்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், எண்ணெய் பூசினான். வேலை சுத்தமாக இருந்தது.

அதன் பிறகு துப்பாக்கி அலமாரியைத் திறக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் தங்கை வில்மாவின் கணவன் டென்சிலுக்கு, சுரங்க வேலை போய் இரண்டு வருடம் கழித்து, ஜெயில் காவலர் வேலை கிடைத்தது. ஓர்வல் துப்பாக்கியைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தான். “புது வேலைக்கு என் பரிசு, மாப்ள.” தொல்லையைத் தலைமுழுகியவனை ஊரே தாராளப் பிரபு என்றது. அவனும் மறுக்கவில்லை.

மான் வேட்டைப் பருவத்தின் முதல் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே லீவு. டென்சில் காட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு பெண்மான் அவன் வண்டியில் வந்து மோதியது. விபத்தை எழுத வந்த போலீஸ்காரர் மலோரி, சீட்டுக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியின் எண்ணையும் சும்மா சரிபார்த்தார். போன வருடம் ஒரு வீட்டிலிருந்து திருடு போனது என்று பதில் வந்தது. டென்சிலுக்கு விலங்கு மாட்டினார்கள்.

ஜாமீனில் வந்தவனைப் பார்க்க ஓர்வல் போனபோது, அடுப்படி மேஜையில் பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக் கிடந்தன.

“உங்க பேரை நான் எடுக்கவே இல்ல மச்சான்,” என்றான் டென்சில். “நல்ல மனசோட குடுத்தீங்க. உங்கள எதுக்கு இதுல இழுக்கணும்?”

“இவரு பெரிய தியாகி!” என்றாள் வில்மா. “வேலைக்குச் சேந்து எட்டு வாரம் ஆகல, ஜெயிலைக் காக்கப் போன மனுஷன் ஜெயிலுக்குள்ளயே உக்காந்துட்டு வந்தாச்சு. அண்ணே, நீ எங்க வாங்கினேன்னு போய்ச் சொன்னா விட்டுருவாங்கல்ல?”

“விடமாட்டாங்கடி. கட்டையில ஓட்டைய அடைச்சு மறைச்சிருக்காம். திருட்டுன்னு தெரியாதவன் ஏன்டா மறைச்சேன்னு என்னப் போட்டு வாங்கறாங்க. சத்தியமா நான் அதப் பாக்கவே இல்ல. வித்த திருட்டுப்பயதான் அடைச்சிருப்பான், இல்ல மச்சான்?”

“ஆமா,” என்றான் ஓர்வல். “அவனாத்தான் இருக்கும்.”

சொன்ன வாயை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொல்லிவிட்டான்.

மறுநாள் டவுனுக்குப் போய் வக்கீல் தாக்ஸ்டன் அம்மாளைப் பார்த்தான். அவர் சுற்றி வளைக்காதவர்.

“தெரியாம வாங்கினது குத்தமில்ல ஓர்வல். துப்பாக்கி போகும், குடுத்த காசு போகும், அவ்ளோதான். ஆனா சந்தேகம் வந்தும் கண்ண மூடிக்கிட்டா, தெரிஞ்சு வாங்கின மாதிரிதான் பாப்பாங்க. பாதி விலை, பேர் தெரியாத ஆளு, இதெல்லாம் சமாளிக்கலாம். அடைச்ச ஓட்டைதான் கழுத்துல கத்தி. அது யாரு வேலை?”

“என் வேலைங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க சொல்லலைன்னா, அரசு வக்கீலோட பேசி முடிச்சபடி வெள்ளிக்கிழமை டென்சில் குத்தத்த ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுவான். உள்ள போகாம தப்பிச்சுக்குவான், வேலை மட்டும் போயிடும். சொன்னீங்கன்னா அவன் தலைக்கு வந்தது உங்க தலைக்கு வரும்.”

வேலை மட்டும்தானே என்று ஓர்வல் இரண்டு நாள் தன்னையே ஏமாற்றப் பார்த்தான். வேலையில்லாத அந்த இரண்டு வருடமும் டென்சில் பகலெல்லாம் படுத்துக் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். வியாழக்கிழமை வக்கீலோடு போலீஸ் அலுவலகத்துக்குப் போனான். டென்சிலும் கூட வந்தான். தனக்காக மச்சான் சாட்சி சொல்ல வருகிறார் என்று அவனுக்குப் பெருமை.

படியேறும்போது வக்கீல் ஓர்வலின் காதோரமாகச் சொன்னார்: “அடைச்சது நான்னு மட்டும் சொல்லுங்க. அப்ப என்ன நெனச்சீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு வாயத் திறக்காதீங்க. கேஸே அதுலதான் இருக்கு.”

ஓர்வல் அடைத்ததைச் சொன்னான். டென்சில் திரும்பிப் பார்த்தான். மலோரி எழுதிக்கொண்டே கேட்டார்.

“ஓட்டையப் பாத்ததும் என்ன தோணுச்சுண்ணே?”

வக்கீல் அவன் முழங்கையைத் தொட்டார். ஓர்வல் டென்சிலைப் பார்த்தான். அடுப்படி மேஜையில் ‘அவனாத்தான் இருக்கும்’ என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது.

“யாரோ ஒருத்தர் பேரு இங்க இருந்திருக்குன்னு தோணுச்சு,” என்றான். “திருட்டுப் பொருள்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மலோரி கடைசி வரியையும் எழுதிவிட்டு டென்சிலிடம், “நாளைக்கு நீ எதுலயும் கையெழுத்துப் போடாத. அரசு வக்கீல்கிட்ட நான் பேசறேன். கெளம்பு,” என்றார்.

டென்சில் எழுந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினான்.

“தெரிஞ்சுதான் என் கையில குடுத்தீங்களா?” என்றான்.

“என் வீட்டுல இருக்க வேணாம்னு தோணுச்சு,” என்றான் ஓர்வல்.