மெழுகுத் தாளுக்குள் ஐனார்

1938-ஆம் ஆண்டு, பேய்வேட விழாவான ஹாலோவீன் நாளன்று பிற்பகலில், லார்ச் பே ஊரில் ஒரு சொட்டு மழைகூட இல்லாத நேரத்தில், மார்லிஸ் லுண்ட்ஹெய்மின் முன்னறை ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதப் பேய் முழங்கால்வரை நனைந்தது. கூரை ஒழுகவில்லை, கண்ணாடியும் வியர்க்கவில்லை. பேயின் பாதங்களிலிருந்து வடிந்த தண்ணீர் ஜன்னல் விளிம்பில் தேங்கி, சுவர் வழியாக இறங்கித் தரையில் பரவியது. மார்லிஸ் அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். பனிக்கட்டியாகக் குளிர்ந்த அந்தத் தண்ணீரில் இரும்புத் தாதின் வாடை அடித்தது. அந்தப் பேய் அவள் கணவன் ஐனாரின் அளவில் வெட்டப்பட்டது. ஐனார் அப்போது தாது ஏற்றிய ஹாரியட் டௌலிங் கப்பலில் சுப்பீரியர் ஏரியின் நடுவே எங்கோ இருந்தான்.

வழக்கமாக ஹாலோவீனுக்கு அந்த ஜன்னலில் காகிதத்தில் வெட்டிய நாலைந்து வௌவால்களும் ஒரு பூனையும்தான் ஒட்டுவார்கள். அந்த வருஷம் மகள் ரூத்தி, தெருவிலேயே பெரிய பேய் தங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். செப்டம்பரில் விடுப்புக்கு வந்திருந்த ஐனார், சமையலறைத் தரையில் இறைச்சிக்கடைக் காகிதத்தை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டான். ரூத்தி அவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தாள்.

"அக்குள்ல கூசுதுடி, சீக்கிரம் வரை."

"மூச்சு விடாதீங்கப்பா, தொப்பை பெரிசாயிடும்."

"இருக்கிறதைத்தானே வரையுறா, பாவம்" என்றாள் மார்லிஸ்.

பிறகு கொம்பும் வாலும் சேர்த்து, அடுப்புக்குப் பூசும் கறுப்பைத் தடவிக் காயவைத்து, மார்லிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். இடது கைப்பக்கம் வரும்போது கத்தரி வழுக்கி, சுண்டுவிரல் தனியே விழுந்தது. பேய்க்கு ஒரு விரல் குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள் என்று அந்தத் துண்டை அடுப்பில் போட்டாள். ஐனார் கப்பலேறிய மறுவாரம் மளிகைக்கடைத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. பாரம் இழுக்கும் சுழல் எந்திரத்தின் கம்பி வடம் ஐனாரின் இடது சுண்டுவிரலைக் கொண்டுபோய்விட்டது. மற்றபடி ஆள் நலம், வேலையில் இருக்கிறான்.

அன்றிலிருந்து மார்லிஸுக்குத் தூக்கம் போயிற்று. ஜன்னலில் வெயில் பட்டால் திரையை இழுத்தாள். திரை பேயின் முகத்தில் உரசினால் மறுபடி விலக்கினாள். வீட்டில் வளர்ந்த பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். ஹாலோவீன் நெருங்கினால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல்களில் சோப்பைத் தேய்ப்பதும் முட்டை எறிவதும் வழக்கம் என்பதால், பள்ளி விட்டதும் துடைப்பத்தோடு முன்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு முட்டை சுவரில் உடைந்ததற்கு அவள் போட்ட கூச்சலைத் தெருவே வெளியே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு லெம்பி, தன் கணவனை அந்த ஏரிக்கே கொடுத்தவள், அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"பேசாம கழட்டிச் சுருட்டி வச்சிடேன்டி."

"சுருட்டினா அவர் முதுகு என்னாகும் அக்கா?"



ஹாலோவீன் அன்று, தண்ணீர் முழங்காலுக்கு வந்த சிறிது நேரத்தில் ஏரியிலிருந்து காற்று கிளம்பியது. வானொலி, வடகரைக் கப்பல்கள் துறைமுகங்களில் ஒதுங்கும்படி சொல்லிவிட்டு நடன இசைக்குத் திரும்பியது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. லெம்பி வாளியும் பழந்துணியுமாக வந்து பிழிந்து பிழிந்து ஊற்றினாள். முகமூடி போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டி, "மிட்டாய் தர்றீங்களா, வம்பு பண்ணட்டுமா?" என்று கத்தினார்கள். ரூத்தி மிட்டாய்க் கிண்ணத்தையே அவர்கள் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் மார்புக்கு வந்தபோது காகிதம் ஊறி உப்பியிருந்தது. கணுக்காலில் மயிரிழையாய் ஒரு கிழிசல் ஓடியது.

பேயின் காலடியில் ரூத்தி ஒட்டியிருந்த மேப்பிள் இலைகள் மட்டும் அத்தனை தண்ணீரிலும் நனையவில்லை. இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவே வைத்து, மெழுகு உருகி மூடிக்கொள்ளும்படி இஸ்திரி போட்ட இலைகள் அவை. மார்லிஸ் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

மூன்று பேருமாகப் பேயைப் பிரித்தெடுத்து, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலச் சமையலறை மேசையில் கிடத்தினார்கள். கீழே மெழுகுத் தாள், மேலே மெழுகுத் தாள். மார்லிஸ் முதலில் பெட்டியைத் தன் முன்கையில் வைத்துப் பார்த்தாள். தோல் கொப்பளித்தது. பெட்டியை ஆறவிட்டு மறுபடி வைத்தாள். தனக்குத் தாங்கிய சூடு அவனுக்கும் தாங்கும் என்று கால்களிலிருந்து ஆரம்பித்தாள். முதுகு வந்தது, தோள் வந்தது. கழுத்தில் கை நின்றுவிட்டது.

"மூஞ்சியையும் மூடினா எப்படிடி மூச்சு விடுவான்?" என்றாள் லெம்பி.

"மூடலேன்னா தண்ணியைக் குடிச்சிடுவாரே."

"அம்மா, அப்பாவுக்கு வாய் மட்டும் இருக்கட்டும்மா" என்று ரூத்தி அழுதாள். மார்லிஸ் முகத்தையும் தேய்த்து முடித்து, கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை போட்டாள். தாளுக்கு வெளியே தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடியது. உள்ளே காகிதம் காய்ந்து கிடந்தது.

ஹாரியட் டௌலிங் அன்று இரண்டாக முறிந்து மூழ்கியது. மறுநாள் ஐனாரைக் கரையில் கண்டெடுத்தவர்கள் அவனோடு வேறு ஆட்களையும் கண்டெடுத்தார்கள். அவன் கட்டைபோல மிதந்ததாகவும், அவனைப் பிடித்துக்கொண்டு தாங்களும் மிதந்ததாகவும் பிழைத்த அந்த ஆட்கள் சொன்னார்கள். பிடி நழுவியவர்கள் திரும்பவில்லை. தலை வெடிக்கும் குளிரில் திடீரென்று உடம்பெல்லாம் சுட்டது என்றான் ஐனார்.

"முதுகுல பரவாயில்ல. முகத்துக்கு வந்தப்போதான் கத்திட்டேன்."

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் மார்லிஸ். அவன் அவள் முன்கைக் கொப்புளத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

திரும்பாதவர்களில் ஒருவன் துணை மாலுமி. அவன் மனைவி குட்ரூன் ஒருநாள் வந்து, ஜன்னலில் மறுபடி ஒட்டியிருந்த பேயை வெளியிலிருந்தே வெகுநேரம் பார்த்தாள். "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வெட்டியிருப்பேனே" என்றாள். மார்லிஸ் வாசலில் நின்றபடி அழுதாள். அடுத்த செப்டம்பரில் ஊரில் பல பெண்கள் தங்கள் ஆண்களைத் தரையில் படுக்கவைத்துக் கோடு இழுத்தார்கள். அவையெல்லாம் வெறும் காகிதமாகவே இருந்தன.

ஐனார் மேல் அதற்கப்புறம் தண்ணீர் ஒட்டவில்லை. மழையில் நடந்தால் சட்டை நனையும், ஆள் நனையமாட்டான். வாரம் ஒருமுறை மார்லிஸ் ஈரமில்லாத துணியால் அவனைத் துடைத்துவிட்டாள். அவன் அம்மா இறந்தபோது அவன் கண்ணீர் கன்னத்தில் தங்காமல் உருண்டு தேவாலயத் தரையில் விழுந்தது; போதகர் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். கப்பல் மூழ்கிய அந்தக் குளிர்காலம் கழிந்ததும் வசந்தத்தில் அவன் மறுபடி கப்பலேறினான். அவன் வேலைசெய்யும் கப்பலில் இடம் பிடிக்க மாலுமிகளுக்குள் போட்டி இருந்தது.

நவம்பர் காற்று வீசும்போது ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஏரிக்கரையில் நிற்பார்கள். மார்லிஸ் வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். அவள் கலங்கியது ஜூலையில். முதல் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் வெயிலில் பேயின் மெழுகு இளக, விடுப்பில் வந்திருந்த ஐனாரின் தோளும் இளகித் தேவாலய இருக்கையோடு ஒட்டிக்கொண்டது; இரண்டு பேர் சேர்ந்து பிரித்தெடுத்தார்கள். அன்றைக்கே பேயை நிலவறைக்கு இறக்கிக் குளிர்ந்த சுவரில் சாத்தினாள். வெயில் ஏறிய நாட்களில் வீடுவீடாக ஐஸ்கட்டி போடும் லார்சன் அவள் வீட்டு முன் வண்டியை நிறுத்தி, யாரும் சொல்லாமலே இரண்டு கட்டி கூடுதலாக இறக்கி, நிலவறைப் படியில் வைத்துவிட்டுப் போவார்.