மூன்று நாள் நின்றால்தான் வெற்றி

லாவுர் குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தபோது கோடெர்ட் பிரபு வந்து கடிவாளத்தைப் பிடித்தார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"எல்லைக் கோட்டைக்குங்க. தம்பிக்குக் கால் கறுத்துக்கிட்டே வருது. அங்க ரண வைத்தியம் பாக்குற நாவிதர் காலை முழங்காலோட எடுத்துட்டா உசிரு தங்கும்னு சொல்றாங்க. ஒரு பகல் பயணம்தான்."

"நாளைக்கு உச்சி வரைக்கும் இங்கருந்து ஒரு சக்கரம் அசையக்கூடாது."

எஸ்தோனியாவை ஆண்ட ஜெர்மன் பிரபுக்களின் வழக்கம் அது. ஜெயித்த படை மூன்று நாள் களத்திலேயே நின்று காட்ட வேண்டும். ஒரு வண்டி முன்னதாகக் கிளம்பினாலும் ஓடிப்போனார்கள் என்று பேச்சு வந்துவிடுமாம். நேற்றுத்தான் ஸ்மோலினோ ஏரிக்கரையில் மாஸ்கோ படை பீரங்கி அடி தாங்காமல் சிதறிப்போய் இருந்தது. இவர்களைப் போல மூன்று மடங்கு ஆட்கள், போன திசை தெரியவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பதில் ஓடினவனுக்கே சந்தேகம் இல்லை. ஆனாலும் நிற்க வேண்டும். பார்ப்பதற்குக் காக்கைகள் மட்டும் இருந்தன.

லாவுரும் அவன் தம்பி மார்ட்டும் எஸ்தோனியக் குடியானவர்கள். பிரபுவின் நிலத்தில் ரை என்கிற தானியம் விதைப்பவர்கள். அறுவடை முடிந்த கையோடு பிரபு வண்டி, குதிரை, ஆட்கள் எல்லாவற்றையும் சண்டைக்கு ஓட்டி வந்துவிட்டார். வைக்கோல் வாருகிற முட்கோலைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத மார்ட் கையில் ஓர் ஈட்டியைக் கொடுத்து, மூட்டை வண்டிகளுக்குக் காவல் நிற்கச் சொன்னார்கள். மாஸ்கோக்காரர்கள் அந்த வண்டிகளைக் கொள்ளையடிக்க விழுந்தடித்துக்கொண்டு வந்தபோதுதான் பிரபுக்களின் குதிரைப்படை அவர்களை வளைத்தது. அதற்குள் மார்ட்டுக்குக் காலில் வெட்டு விழுந்துவிட்டது. மீன் மாட்டிவிட்டது. தூண்டிலில் குத்திய புழுவை யார் கவனிக்கப்போகிறார்கள்?

"காலி வண்டி ஒண்ணு போனா யாருக்குங்க தெரியும்?" என்றான் லாவுர்.

"கடவுளுக்குத் தெரியும்."

"யாரு ஜெயிச்சாங்கன்னு அவருக்கு நேத்தே தெரியுமேங்க."

பிரபுவின் இரும்புக் கையுறை அவன் கன்னத்தில் இறங்கியது. வாயில் ரத்தம் உப்பாகக் கரித்தது. குதிரையை அவிழ்த்து, தன் குதிரைகளோடு கட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் பிரபு போய்விட்டார். அவர் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் என்று லாவுருக்கு இருந்தது. சாலை முழுக்க வில்லாளிகள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தம்பியை முதுகில் சுமந்தாவது போய்விடலாம் என்று தூக்கிப் பார்த்தான். மார்ட் அலறிய அலறலில் கீழே விட வேண்டியதாயிற்று.

"அண்ணே," என்றான் மார்ட், மூச்சு வந்த பிறகு. "மாஸ்கோக்காரனே தேவலாம்ணே. வெட்டிட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான். இவங்க வெட்டவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்க."

"பேசாம படு."

"கால் போனா போகட்டும். ஒத்தக் கால்ல நின்னு களம் அடிச்சிருவேன். நீ வேணா பாரு."

லாவுர் ரை ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கறுப்பு தொடைக்கு ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில் மார்ட் இறந்துபோனான். உச்சிக்கு இன்னும் அரைப் பகல் இருந்தது. அந்த அரைப் பகலும் லாவுர் பிணத்தருகே உட்கார்ந்து, பிரபுக்கள் கவசத்துக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

உச்சியில் எக்காளம் ஊதினார்கள். பாதிரியார் பாட, எல்லோரும் மண்டியிட்டார்கள். லாவுர் மண்டியிடவில்லை. அதன் பிறகு குதிரை திரும்பி வந்தது. கூடவே பிரபுவும் வந்து, வண்டியில் கிடந்தவனைப் பார்த்துத் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"உன் தம்பியும் மூணு நாள் களத்துல நின்னவன். அந்தப் பெருமை உன் குடும்பத்துக்கு எப்பவும் இருக்கும்."

"அவன் நிக்கலைங்க," என்றான் லாவுர். "அழுகிக் கிடந்தான்."

அடி விழும் என்று எதிர்பார்த்தான். ஜெயித்த சந்தோஷத்தில் பிரபு பெருந்தன்மையாக இருந்தார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று லாவுருக்குத் தோன்றியது.

எல்லை தாண்டி முதல் ஊர். வெற்றிச் செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தேவாலய மணி விடாமல் அடித்தது. சனங்கள் பீர்க் குவளைகளோடு சாலைக்கு வந்து வண்டியை மறித்துக்கொண்டார்கள். சாக்குப் போட்டு மூடியிருந்ததால் கொள்ளைப் பொருள் என்று நினைத்துவிட்டார்கள்.

"மாஸ்கோக்காரன்கிட்ட என்னத்த அள்ளிட்டு வந்த?" என்று ஒருத்தி குவளையை நீட்டினாள். "ஜெயிச்ச ஆளுக்கு மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? தனியா அமுக்கப் பாக்குறியா?"

லாவுர் இறங்கி வந்து சாக்கை உருவினான். மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டம் பின்னால் நகர்ந்தது.

"ஏன் போறீங்க? கிட்ட வாங்க," என்றான். "பிரபுக்களுக்குக் களம் கிடைச்சுது. நமக்குக் கிடைச்சது இவ்வளவுதான். எந்த வீட்டுல இறக்கட்டும்? சொல்லுங்க."