துணி லிஃப்ட்

அந்த ஹோட்டலில் ஐந்தாம் எண் அறைக்குத்தான் எப்போதும் கிராக்கி. அங்கே மணப்பெண் ஒருத்தியின் ஆவி உலாவுகிறது என்று வரவேற்பில் இருப்பவன் வாய் கூசாமல் அளப்பான். பெரியக்காவுக்கு எரிச்சலாக வரும். இந்த வீட்டில் எந்த மணப்பெண்ணும் செத்ததில்லை. செத்தது அறை பெருக்குகிற பெண். அதுவும் பெரியக்காவின் கூடப்பிறந்த தங்கை.

ஒன்பது அறைகளின் சுத்தத்துக்கும் பெரியக்காதான் பொறுப்பு. இருபத்தாறு வருஷம் இங்கேயே குப்பை கொட்டியாயிற்று. கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். அதனால் ஐந்தாம் அறைக்குப் பக்கத்தில் இருந்த துணி லிஃப்டை யாரும் பிடுங்கிப் போடவில்லை. லிஃப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அழுக்குத் துணியைக் கீழே இறக்கும் மரப்பெட்டி. கயிறு பிடித்துக் கையால் இறக்க வேண்டும். அந்தக் கயிற்றை எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனாலும் மத்தியானம், ஒரு விருந்தாளி காலி செய்து அடுத்தவர் வருவதற்குள், கயிறு சர்ரென்று ஓடும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கும். உள்ளங்கை எரியும். அப்புறம் அந்தக் குரல்: "அக்கா, மெதுவா." அதில் துளி கோபம் இருக்காது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருக்கும் அவளுக்கு.

அன்றைக்கும் அப்படித்தான் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதலாளியின் மருமகள் கையில் காகிதங்களோடு வந்தாள்.

"பெரியக்கா, ஹோட்டல் சரித்திரம் எழுதி முடிச்சிட்டேன். சாயங்காலம் அச்சுக்குப் போகுது, வாசல்லயும் கல்லுல பொறிக்கப்போறாங்க. தப்பு இருந்தா சொல்லுங்க."

பெரியக்கா ஐந்தாம் அறையின் விரிக்காத கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். முதலில் வியாபாரி வீடு, பிறகு பெண்கள் பள்ளி, அதற்குப் பிறகு லாட்ஜ். "லாட்ஜாக இருந்த காலத்தில், தச்சரின் கவனக்குறைவால் லிஃப்டின் கயிறு அறுந்து பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்."

பெரியக்கா அந்த வரியை மறுபடி படித்தாள். 'புதுக் கயிறும்மா, நானே மாட்டினேன்' என்று அந்தத் தச்சர் அப்போது அவள் வீட்டு வாசலில் நின்று அழுதார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு முக்காலிக்குக் கால் வைக்கக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பழியோடேயே போய்ச் சேர்ந்தார். இனி அது கல்லிலும் நிற்கப் போகிறது.

"தச்சரை அதுலேருந்து எடுத்துடுங்க சின்னம்மா. கயிறு அறுந்து போகல."

"பழைய மேனேஜர் அப்படித்தானே எழுதி வச்சிருக்காரு?"

"அவரு லாட்ஜ் பேரைக் காப்பாத்திக்கிட்டாரு. நான் என்னைக் காப்பாத்திக்கிட்டேன்." பெரியக்கா காகிதங்களைத் திருப்பி நீட்டினாள். "தங்கச்சிக்கு அன்னைக்குக் காய்ச்சல், நிக்கக்கூட முடியல. வேலைக்காரங்க முன்படியில இறங்கக் கூடாது. பின்படி ஒரே செங்குத்து. பெட்டியில உக்காருடி, இறக்கி விடறேன்னு நான்தான் சொன்னேன். மெதுவாத்தான் விட்டேன். பாதி இறங்கியிருக்கும். இந்த அறையிலேருந்து விருந்தாளி ஒருத்தரு வெளிய வந்தாரு."

"வந்து?"

"விருந்தாளி எதிர்ல வந்தா, கையில என்ன இருந்தாலும் விட்டுட்டுச் சுவரோரமா கைகட்டி நிக்கணும். சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான் பழக்கி வச்சிருந்தாங்க. யோசிக்கவே இல்ல சின்னம்மா. கைகட்டி நின்னுட்டேன்."

மருமகள் தச்சரைப் பற்றிய வரியைப் பேனாவால் அடித்தாள்.

"அந்த விருந்தாளி? அவரு ஒண்ணும் பண்ணலையா?"

"அவரு என்னைப் பார்க்கவே இல்லம்மா. பேப்பர் படிச்சுக்கிட்டே போயிட்டாரு."