யா போ

நெல்சன் கிலோட்ரான் எங்கள் காற்பந்துக் கழகத்துக்கு வந்தபோது அவனுக்கு முப்பது வயது. சிலியில் பிறந்து, போர்த்துக்கலில் முதல் டிவிஷன் ஆடி, இத்தாலியில் இரண்டாம் டிவிஷன் பெஞ்சைச் சூடாக்கி, படிப்படியாக இறங்கி, 2013 இலையுதிர் காலத்தில் சுவிசில் ஊஸ்டருக்குப் பக்கத்தில் எங்கள் மைதானத்தில் வந்து நின்றான். எங்களுக்குக் கீழேயும் படிகள் இருந்தன. ஆனால் அங்கே புல்லை மாடுகளோடு பங்கிட வேண்டும்.

நான் கோபிசன். ஊஸ்டரில் பிறந்தவன். வார நாட்களில் எலக்ட்ரீசியன், சனிக்கிழமைகளில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன். நான் பந்தைத் தடுத்ததைவிடப் பந்து என்னைத் தடுத்ததுதான் அதிகம். நெல்சன் எனக்கு நேர் முன்னால் ஆடினான். அவனுடைய அரை இத்தாலியமும் வேலையிடத்தில் பொறுக்கிய என் அரை இத்தாலியமும் சேர்ந்தால் கால் இத்தாலியம் வரும். ஆகவே ஆடுகளத்தில் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

முதல் ஆட்டத்திலேயே அவன் பந்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்: "யா போ."

எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. 'யா' என்றால் ஜெர்மனில் ஓம், சரி. 'போ' என்றால் போ. எங்கள் ஆட்களோடு எங்கேயோ வேலை செய்து பழகியிருக்கிறான், பாவம், மரியாதை மட்டும் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனேன். கோட்டோரமாகத் தலைதெறிக்க ஓடினேன். நான் ஏன் ஓடுகிறேன் என்று தெரியாமல் எதிரணித் தடுப்புக்காரர் இருவர் என் பின்னால் ஓடி வந்தார்கள். தனியே விடப்பட்ட நெல்சன் ஆறுதலாக நடந்துபோய்க் கோல் போட்டான்.

அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பயிற்சியாளர் ஹான்ஸ்யோர்க் என் ஓட்டத்தை வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு மற்றவர்களுக்கு விளக்கினார். எனக்கும் விளங்காத ஓட்டம் அது. நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன்.

இதற்குள் அம்மா நெல்சனைத் தத்தெடுத்துவிட்டார். கழகம் தேடிக்கொடுத்த கார் கழுவும் வேலை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். வந்தபோது கம்பிபோல இருந்தவன் கார்த்திகை மாதத்துக்குள் பெயருக்கேற்ற ஆளானான். அணியில் எல்லோரும் அவனைக் கிலோ என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கூர் நகரப் பக்கத்தில், எங்களைவிட இரண்டு படி மேலே, சம்பளத்துக்கு ஆடும் கழகம் ஒன்று சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் அனுப்புகிறது. நெல்சனைப் பார்க்க. எடுத்தால் அவன் திரும்பவும் தொழில்முறை ஆட்டக்காரன். எடுக்காவிட்டால் நத்தார் பண்டிகைக்கு முன் சிலிக்கு விமானம் ஏறி, அங்கே மச்சானின் டயர் கடையில் வேலை. அவ்வளவோடு காற்பந்து முடிந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். வெள்ளி என்பதால் மரக்கறிதான். எங்கள் வீட்டில் அது இன்னும் ஆபத்து. ஆட்டிறைச்சி என்றால் ஒரு கறியோடு முடிந்துவிடும். மரக்கறி என்றால் ஏழு.

மூன்றாவது தரம் சோறு விழுந்ததும் நெல்சன் சோற்றுக் கோப்பைக்கு மேல் கையைக் குறுக்கே பிடித்தான். "யா போ, ஜெயமலர். யா போ."

அம்மா கையை விலத்திவிட்டு நான்காவது அகப்பையைக் கவிழ்த்தார்.

"அம்மா, அவனுக்குக் காணும்போல."

"உனக்கென்ன தெரியும்? அந்தப் பிள்ளை வாய் திறந்து கேக்குது. யா, போடுங்கோ எண்டுதான் சொல்லுது. வாய் நிறையச் சோறு, அதில பாதிச் சொல்லு முழுங்குப்படுது. நீ அந்தக் கத்தரிக்காயை இஞ்சால தள்ளு."

அம்மா பாயாசம் எடுக்கக் குசினிக்குள் போன நேரம் நெல்சன் என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. எங்கள் கால் இத்தாலியத்தில் கேட்டான்.

"கோபி, நான் போதும் எண்டு சொல்லச் சொல்ல உன்ர அம்மா ஏன் போடுறா?"

"எப்ப போதும் எண்டனீ?"

"யா போ. போதும், விடுங்கோ எண்டு அர்த்தம்."

"அப்ப போ எண்டால்?"

"ஒண்டுமில்லை. சிலியில எல்லாத்துக்கும் பின்னால போ போடுவம். நீங்கள் டா போடுற மாதிரி."

என் தலைக்குள் ஏதோ மெதுவாகக் கழன்றது. "மைதானத்தில என்னைப் பாத்துக் கத்துறது?"

"அதுவும் அதே சொல்லுத்தான், ஆனா அங்க அர்த்தம் வேற. கெதியா கிட்ட வா, பந்தை வாங்கித் திருப்பித் தா எண்டு கூப்பிடுறன். நீ ஒருநாளும் வரேல்ல. ஒவ்வொரு தரமும் என்னை விட்டிட்டு ஓடுறாய். உனக்கு என்னைப் பிடிக்காதாக்கும் எண்டு நினைச்சன்."

நான் அவனுக்குத் தமிழில் 'போ' என்றால் என்னவென்று சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் சோறு மூக்கால் வந்தது. நானும் சிரித்தேன். பாயாசத்தோடு வந்த அம்மா, பிள்ளைகள் சந்தோசமாக இருக்கிறார்கள் என்று இரண்டு கோப்பை கூடவே வைத்தார்.

சனிக்கிழமை சிரிப்பு அடங்கிவிட்டது. மழை. கம்பி வேலிக்குப் பக்கத்தில் கறுப்பு ஜாக்கெட் போட்ட மனிதர் ஒருவர் குடைக்குள் நின்றார். ஆட்டம் தொடங்கியது. நெல்சன் பந்தை எடுத்தான், பழக்கத்தில் கத்தினான். நான் நின்றேன். ஓடச் சொல்லவில்லை என்று இப்போது தெரியுமே. கிட்டப் போனேன். என்னோடு வந்த இரண்டு தடுப்புக்காரரும் சேர, பந்தைச் சுற்றி ஊஸ்டர் பஸ் தரிப்பிடம்போல ஒரு கூட்டம். நெல்சன் விழுந்தான். அடுத்த முறையும் விழுந்தான். இடைவேளைக்குப் போகும்போது நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் பின்னால். கறுப்பு ஜாக்கெட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைமாற்றும் அறையில் நெல்சன் என் சட்டையைப் பிடித்தான்.

"ஏன்டா ஓடேல்ல?"

"நீதானே அது போ இல்லை எண்டு சொன்னனீ."

"நான் என்ன சொன்னாலும் ஓடு. சொல்லாட்டியும் ஓடு."

"காரணமில்லாமலோ?"

"முந்தி மட்டும் உனக்குக் காரணம் இருந்ததோ?"

இரண்டாம் பாதி முழுக்க ஓடினேன். பந்து இருந்தாலும் ஓடினேன், இல்லாவிட்டாலும் ஓடினேன். ஒருமுறை பந்து எங்கள் கோல்காரனின் கையில் இருந்தபோதும் ஓடினேன். ஹான்ஸ்யோர்க் வெள்ளைப் பலகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஆனால் எதிரணி இருவரும் என்னை நம்பினார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடுகிறவனுக்கு ஏதோ திட்டம் இருக்கும் என்று அவர்களும் ஓடினார்கள். நெல்சன் ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

கடைசி நிமிடங்களில் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் என் தொடை நரம்பு பிடித்தது. சேற்றில் முகங்குப்புற விழுந்தேன். பின்னால் ஓடிவந்த இருவரும் என்மேல் தடுக்கி விழுந்தார்கள். அந்த நேரம் நெல்சன் போட்ட இரண்டாவது கோலை நான் பார்க்கவில்லை. ஒரு மனிதனின் சப்பாத்து அடிதான் தெரிந்தது. வேலிப்பக்கம் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது, அதில் அம்மாவின் சத்தம் தனியாக.

நெல்சன் ஓடிவந்து என்னைத் தூக்கினான். தோளில் ஏற்றிக்கொண்டு நாலு அடி வைத்தான். அதற்குள் அம்மாவின் ஏழு கறியும் வேலை செய்திருக்க வேண்டும், முழங்கால் மடிந்து இருவரும் திரும்பவும் சேற்றில். சிரிப்பில் எங்களால் எழும்ப முடியவில்லை.

ஆட்டம் முடிந்தும் நாங்கள் சேற்றில்தான் கிடந்தோம். கறுப்பு ஜாக்கெட் குடையோடு வந்து எங்கள் தலைக்கு மேல் நின்றார். நெல்சனின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவிஸ் ஜெர்மனில் என்னிடம் சொன்னார்: "இவருக்குச் சொல்லுங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூருக்கு வரட்டும். ஐந்து கிலோ குறைக்க வேண்டும். நீங்கள் வரத் தேவையில்லை."

நெல்சன் என் முகத்தையே பார்த்தான். "என்னவாம்?"

"திங்கள் பத்து மணிக்கு வரட்டாம். அஞ்சு கிலோ குறைக்கட்டாம்."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கால் சேறு வழிந்தது. பிறகு கையை எடுத்தான்.

"நீயும் வாறியோ?"

"திங்கள் எனக்கு வேலை இருக்கடா," என்றேன்.

உண்மையிலேயே இருந்தது. வெட்சிகோனில் ஒரு குசினிக்கு வயர் இழுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு இழுத்தேன், நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு.