ஒரு சுற்று ஓட்டலாம்

என் வீட்டுக்காரர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றித்தான் பந்தயத் திடலுக்குக் கொண்டுவந்தார். ஓட்டினால் தூசி படியுமாம். துடைக்கும் துணி மூட்டையோடு நான் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். அங்கே மண்தரையில் அதுபோலவே பழைய கார்கள் நாற்பது, நாற்பது ஆண்கள். ஒருவர் எஞ்சினை ஒருவர் எட்டிப் பார்ப்பதிலேயே பொழுது போனது. வெயில் மண்டையைப் பிளந்தது.

விரும்பியவர்கள் ஒரு சுற்று ஓட்டலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

“போங்களேன், இதுக்குத்தானே வந்தோம்?” என்றேன்.

“உனக்கென்ன தெரியும்? டயர் தேஞ்சிடும். அந்தத் துணிய எடு.”

மூட்டையை அப்படியே அவர் கையில் திணித்தேன். வீட்டு வண்டியைக் கிளப்பி, அந்தக் கார்களின் நடுவே புகுந்து பந்தயப் பாதையில் ஏற்றினேன். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேரும் நான் கிளப்பிய புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.