பதினோராவது ஆல்பம்

லிஃப்ட் மெக்கானிக் தன் தீர்ப்பை ஒரு பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி எடுத்து வந்திருந்தார். மொத்தம் பதினேழு குற்றச்சாட்டுகள். ஒன்பது வருடம் காக்க வைத்துவிட்டு இப்படியா என்பது முதலாவது. குழந்தைகளைக் கூட்டி வந்து கோரஸ் பாட வைத்தது இரண்டாவது. மீதிப் பதினைந்தும் அந்த இரண்டாவதையே வெவ்வேறு விதமாகத் திட்டுபவை.

அச்சகத்தின் பின்னறையில் பேப்பர் கட்டுகளை நாற்காலியாக்கி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் இருபத்திரண்டு வருடமாக ஒரே ராக் பேண்டின் ரசிகர்கள். பேண்டை "நம்ம பசங்க" என்றுதான் சொல்வார்கள். பசங்களில் கடைக்குட்டிக்கே வயது அறுபத்தொன்று.

புது ஆல்பம் வந்தால் ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் மெக்கானிக்தான். ஒவ்வொருவரும் தனியாக, இயர்போனில், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மூன்று தடவை கேட்க வேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பிறகு, வாராவாரம் கூடுகிற ஒரு சனிக்கிழமை மதியம், மிஷின் ஓடாத நேரத்தில், இங்கே கூடித் தீர்ப்பு. கேட்காமல் தீர்ப்புச் சொன்னவர் வெளியே. போன ஆல்பத்தின்போது, ஐந்தாவது ஆளாக இருந்த மருந்துக்கடைக்காரர் ஏதோ பத்திரிகையில் வந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்து ஒப்பித்தார். அன்றோடு சரி. இன்றுவரை நால்வரும் தலைவலித்தால் அடுத்த தெருவுக்குப் போய்த்தான் மாத்திரை வாங்குகிறார்கள்.

முதலில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"பல் டாக்டர் கிளினிக்ல வெயிட் பண்றப்ப ஒண்ணு போடுவாங்களே, அது மாதிரி இருக்கு. பல்லைப் புடுங்கியிருந்தாகூடத் தேவலாம்."

அடுத்து அச்சகக்காரர். "முதல் தடவை மோசம். ரெண்டாவது தடவை ரொம்ப மோசம். மூணாவது தடவை பழகிருச்சு. கல்யாணம் மாதிரிதான். என் ஓட்டு பாதிக்குப் பாதி."

"அதென்ன பாதி?"

"பாதியில தூங்கிட்டேன் டீச்சர். ஆனா மூணு தடவையும் ஒழுங்கா அதே எடத்துலதான் தூங்குனேன்."

மூன்றாவது, மெக்கானிக்கின் மச்சான். மனைவியின் அண்ணன், சலூன் வைத்திருக்கிறார், தனி ஆள். முடி வெட்டிக்கொள்ள வந்த இரண்டு பேரையும், மகனுக்கு வெட்டக் கூட்டி வந்த டீச்சரையும் நாற்காலியில் உட்காரவைத்து, தப்பிக்க முடியாத நிலையில் இந்தப் பாட்டுகளைக் கேட்கவைத்துக் கெடுத்தவரே அவர்தான். வாரத்தில் ஆறு நாள் அவருக்குக் கடை. ஏழாவது நாள் இந்த அறை. இரண்டையும் விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

"பசங்க திரும்பி வந்துட்டாங்க," என்றார் மச்சான். "ஒரு கிட்டார், டிரம்ஸ், ஒரே ஒரு குரல். அவ்வளவுதான். மூணாவது பாட்டுல அந்த மனுஷன் ஒத்தையில நின்னு பாடுறான் பாருங்க, கத்திரியக் கீழ வச்சுட்டேன். தலையக் குடுத்தவரு பாதி வெட்டோட முழிக்கிறாரு."

மூன்றாவது பாட்டில் பதினாறு குழந்தைகள் பாட்டு முடியும்வரை கத்துகின்றன. மெக்கானிக் எண்ணியே வைத்திருந்தார்.

"ஒத்தையிலயா? அந்தக் குழந்தைங்க?" என்றார் டீச்சர்.

"எந்தக் குழந்தைங்க?"

"சரி, கீபோர்டு? கல்யாண வீடியோ மாதிரி இழுக்குதே?"

"கீபோர்டே இல்லையேம்மா."

டீச்சர், காப்பியடித்த விடைத்தாளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க கேக்கவே இல்ல."

"அஞ்சு தடவை கேட்டேன்மா. சத்தியமா."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு," என்றார் அச்சகக்காரர் வருத்தத்தோடு. "மெக்கானிக், நீங்கதான் எழுதினீங்க. நீங்களே சொல்லிருங்க."

லிஃப்டில் கோளாறு என்று புகார் வந்தால் மெக்கானிக் உடனே மிஷினைத் திறக்கமாட்டார். புகார் சொன்னவர் எங்கே நின்றாரோ அங்கே போய் முதலில் நிற்பார். பாதிப் புகார்கள் நின்ற இடத்திலிருந்து வருபவை. இப்போதும் எழுந்து போய் மச்சானின் வலது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான், இயர்போனைக் குடு."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்."

அசைவில்லை. தோளைத் தொட்டதும்தான் தலையை முழுதாகத் திருப்பி, இடது பக்கத்தைக் காட்டி, "என்ன மாப்ள?" என்றார்.

சலூனில் பேச வருபவர்கள் உட்காரும் இரண்டாவது நாற்காலி இந்த வருடம் எதற்காக இடது பக்கச் சுவரோரம் போனது என்று மெக்கானிக்குப் புரிந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு, வாய் தவறிப் பேசிய ஒரு பேச்சுக்காகச் சாப்பாட்டு மேசையில் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டார். வாழ்நாளிலேயே அவர் கேட்ட ஒரே மன்னிப்பு. மச்சான் கண்டுகொள்ளாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். என்ன திமிர் என்று நான்கு மாதமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார் மெக்கானிக். அந்த மன்னிப்பைக் கேட்டது மச்சானின் வலது பக்கம் உட்கார்ந்து.

இயர்போனை வாங்கிக்கொண்டு பேப்பர் குடோனுக்குள் போனார். இடது காதில் மட்டும் மாட்டி, மூன்றாவது பாட்டைப் போட்டார். கிட்டார். டிரம்ஸ். ஒரு கிழவரின் குரல், தனியாக. ஒலிப்பதிவில் குழந்தைகளையும் கீபோர்டையும் ஒட்டுமொத்தமாக வலது காதுப் பக்கம் தள்ளியிருந்தார்கள். இரண்டு காதிலும் மாட்டிக் கேட்ட மூன்று தடவையும் எரிச்சலில் இது அவருக்கு உறைக்கவில்லை. பாட்டு முடிந்தபோது காகிதத் தூசி கண்ணில் விழுந்திருந்தது. அப்படித்தான் வெளியே வந்து சொன்னார்.

"ஏமாந்தது நாமதான்," என்றார் இருவரிடமும். "இதுக்குள்ள ரெண்டு ஆல்பம் இருக்கு. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. இவரு கண்டுபிடிச்சிட்டு, நமக்குத் தெரியுதான்னு ஆழம் பாக்குறாரு. மொதல்ல இருந்தே இவரு குசும்பு புடிச்ச ஆளு. இந்தாங்க, இடது காதுல மட்டும் மாட்டுங்க."

டீச்சர் நம்பாமல் மாட்டினார். இரண்டு நிமிடத்தில் கைக்குட்டையைத் தேடினார். அச்சகக்காரர் கடைசிவரை தூங்காமல் கேட்டார்.

"சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார் டீச்சர்.

"சொன்னா சுவாரசியம் போயிருமேம்மா," என்றார் மச்சான், மெக்கானிக்கைப் பார்த்தபடி.

கூட்டம் முடிந்து மச்சானும் மெக்கானிக்கும் தெருவில் இறங்கி நடந்தார்கள். மெக்கானிக் சுற்றிப்போய் மச்சானின் இடது பக்கம் சேர்ந்துகொண்டார்.

"டாக்டர்கிட்ட?"

"போனேன். நரம்பாம். வலது காது இனிமே வராதாம். தங்கச்சிகிட்ட சொல்லிராத, அழுவா. கடைக்கு வர்றவங்களுக்கும் தெரிய வேணாம். 'கொஞ்சமா வெட்டுங்க'ன்னு வலது பக்கமாச் சொன்னா என்ன ஆகும்னு யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க."

"என்ன ஆகும்?"

"போன மாசம் ஒருத்தருக்கு ஆயிருச்சு. தொப்பி வாங்கிக் குடுத்தேன்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"மாப்ள, அந்தக் குழந்தைங்க... நல்லா பாடுதுங்களா?"

"சகிக்கல மச்சான்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"பதினேழு பாயிண்ட் எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டுமா?"

"படி," என்றார் மச்சான். "மெதுவாப் படி."