மோட்டார் நின்ற ஞாயிறு

விடிந்தால் ஞானஸ்நானம். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது. இந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் மெக்கானிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் அவர் மனைவியின் வாயால் வந்தது. வெங்காயம் உரித்தபடி நாத்தனாரிடம் போனில் பேசியவள், ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள்.

"உங்க அண்ணனை உள்ள இழுக்கணும்னுதான் கர்த்தர் அன்னிக்கு மோட்டாரையே நிறுத்தினார்."

"பின்ன? எங்க அண்ணன் கூப்பிட்டா வர்ற ஆளா அண்ணி? எதையாவது கெடுத்து வெச்சாத்தான் வருவார்."

இருவரும் சிரித்தது அடுத்த அறையில் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்தது.

வாராவாரம் மனைவியைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் பேப்பர் படிப்பது அவர் வழக்கம். உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு சபையின் குடிதண்ணீர் கூலரின் மோட்டார் நின்றுபோக, ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். சரிசெய்த கையோடு கிளம்பியிருக்கலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதன்பிறகு எந்த வாரமும் எதிர்க்கடைக்குப் போகவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்ததும் அவராகத்தான்.

"நாளைக்கு நான் வரலை" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் முழங்கால் போட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"என்னங்க, விளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போய்..."

"மோட்டார் பழசு, நின்னுடுச்சு. யாரு என்னைக் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க? நானா உக்காந்தேன். எல்லாம் அவரே செஞ்சார்னா நான் என்ன, சாவி குடுத்த பொம்மையா?"

"சரி, நீங்களாத்தான் உக்காந்தீங்க."

"மனசாரச் சொல்லு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மனசாரத்தான் சொல்றேன். அன்னிக்கு நீங்க உக்காந்ததைப் பார்த்தேன். அப்புறம் பாட்டு முடியுறவரைக்கும் கழுத்தைத் திருப்பலை. நான் பார்த்தா எந்திரிச்சுப் போயிடுவீங்களோன்னு பயம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பயமா? உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே கர்த்தர் நம்மளைத் தேர்ந்தெடுத்துட்டார்னு சொல்லுவியே. அவர் தேர்ந்தெடுத்த ஆளு நீ திரும்பிப் பார்த்தா ஓடிடுவானா?"

வசமாக மாட்டிக்கொண்டாள்.

"தெரியலைங்க. அவர் விடமாட்டார்னும் நம்பினேன். நீங்க போயிடுவீங்கன்னும் பயந்தேன். ரெண்டும் நெஜம்."

அவர் ஸ்க்ரூ டப்பாவை மூடினார்.

"எந்திரிக்கத்தான் பார்த்தேன்" என்றார் மெல்ல. "டூல் பையைக்கூடத் தோள்ல போட்டுட்டேன். போகணும்னு நெனைக்கிறேன், போகவும் பிடிக்கலை. இவ்வளவு நாள் பிடிக்காத இடம் அன்னிக்கு ஏன் பிடிச்சுதுன்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியலை."

'அதைத்தான் நானும் சொன்னேன்' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவர் வாயால் வந்ததே போதும், அதில் தன் பங்கு வேண்டாம் என்று தோன்றியது. மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் அவள் தலை பின்னி முடிப்பதற்குள், குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றார்.

"சீக்கிரம் வா. லேட்டாச்சுன்னா அது உன்னாலதான். கர்த்தர் தலையில போடாதே."